குளிசையும் ஓட்டமும்: ஆய்வுகூட எலிகள் நமக்குச் சொல்வது

(குறிஞ்சிப்பிட்டியில் பொதுமக்கள் முன் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)

 

இன்று எலிகளைப் பற்றிப் பேசப்போகிறேன். சீனி வருத்தம் பற்றிப் பேச வந்த இடத்தில் எலிக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். மருந்துக்கடையில் அடுக்கியிருக்கும் சத்து டின்களையும் குளிசைப் போத்தல்களையும் பாருங்கள். கைத்தொலைபேசியில் வரும் விளம்பரங்களைக் கேளுங்கள். கொழுப்பைக் கரைக்கும், சீனியை இறக்கும், உடற்பயிற்சியின் பலனை இரட்டிப்பாக்கும் என்கிறார்கள். ஆதாரம் என்னவென்று கேட்டால், ஆய்வில் நிரூபிக்கப்பட்டது என்று பதில் வருகிறது. அந்த ஆய்வைத் தேடிப் போனால் பல வேளைகளில் நாம் சந்திப்பது ஒரு வெள்ளை எலியைத்தான். அந்த எலிக்கு என்ன செய்தார்கள், அதிலிருந்து நமக்கு எது பொருந்தும், எது பொருந்தாது என்பதைத் தெரிந்துகொள்ள நமக்கு உரிமை உண்டு. காசு கொடுப்பவர்கள் நாம். விழுங்குகிறவர்களும் நாம்தான்.

விடயம் சின்னதல்ல. வைத்தியர் பிரசாத் கட்டுலந்தவும் அவருடைய குழுவினரும் 2005-2006 காலத்தில் இலங்கையின் ஒன்பது மாகாணங்களில் ஏழில் செய்த ஆய்வு 2008இல் வெளியானது. 20 வயதைத் தாண்டியவர்களில் 10.3 சதவீதமானோருக்கு நீரிழிவு இருந்தது. நீரிழிவின் வாசற்படியில் நின்றவர்களையும் சேர்த்தால் ஐந்தில் ஒருவருக்கு மேல். நோய் இருந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் அதுவரை தங்களுக்கு அது இருப்பதையே அறியாதவர்கள். இது பழைய கணக்கு. அதற்குப் பிறகு நம் உழைப்பு குறைந்திருக்கிறதே தவிர, கூடவில்லை. துடுப்பு வலித்தவர்கள் எஞ்சின் படகில் போகிறார்கள். கிணற்றில் வாளி வாளியாக அள்ளி வெங்காயப் பாத்திக்கு இறைத்த இடத்தில் மோட்டார் ஓடுகிறது. சைக்கிளில் போன கடைக்கு ஓட்டோவில் போகிறோம். கஷ்டம் குறைந்தது நல்லதுதான். ஆனால் அந்தக் கஷ்டம் நம் உடம்புக்குச் செய்துகொண்டிருந்த ஒரு வேலையும் அதோடு சேர்ந்து நின்றுபோனது. அந்த வேலை என்னவென்று நமக்கு முதலில் தெளிவாகக் காட்டியவை எலிகள்.

ஆய்வுகூடத்துக்குள் போவோம். இத்தகைய ஆய்வுகளில் பெரும்பாலும் விஸ்டார் அல்லது ஸ்ப்ரேக் டாவ்லி என்ற வகை எலிகளைப் பயன்படுத்துவார்கள். வெள்ளை உரோமம், சிவந்த கண், கால் கிலோ அளவு எடை. ஒரே வயது, ஒரே எடை உள்ளவற்றை எடுத்து, சீட்டுக் குலுக்குவதுபோல் நான்கு குழுக்களாகப் பிரிப்பார்கள். முதல் குழுவுக்கு ஒன்றும் இல்லை. இரண்டாம் குழுவுக்குச் சத்துப்பொருள் மட்டும். மூன்றாம் குழுவுக்கு ஓட்டம் மட்டும். நான்காம் குழுவுக்கு இரண்டும்.

சத்துப்பொருளை நீரில் கரைத்து, நுனி உருண்ட வளைந்த ஊசிக்குழாய் வழியாக நேரே இரைப்பைக்குள் செலுத்துவார்கள். அது எலிக்கு ஒரு துன்பம். அந்தத் துன்பமே முடிவை மாற்றிவிடக்கூடாது என்பதற்காக, சத்து பெறாத எலிகளுக்கும் அதே குழாயால் வெறும் நீர் கொடுப்பார்கள். ஓட்டத்துக்கு ஒரு சுழலும் பட்டி. தடுப்புப் போட்ட ஒடுக்கமான பாதைகளில் ஒவ்வோர் எலியாக விடுவார்கள். நிமிடத்துக்கு 10 மீற்றரில் தொடங்கி நாளாக நாளாக 20, 25 என்று கூட்டுவார்கள். ஓடாமல் பின்தங்கினால் பின்பக்கக் கம்பியிலிருந்து சிறிய மின்னதிர்ச்சி கிடைக்கும். ஓடாத குழுவின் எலிகளையும் நின்றுபோன பட்டியில் கொஞ்ச நேரம் விட்டு வைப்பதுண்டு. இடம் மாறிய பயமும் எல்லாவற்றுக்கும் பொதுவாக இருக்க வேண்டும் அல்லவா?

எட்டுக் கிழமை, பன்னிரண்டு கிழமை என்று இது நடக்கும். முடிவில் வெறும் வயிற்றில் குளுக்கோஸ் கொடுத்து, வால் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்து, அரை மணிக்கு ஒருமுறை அளந்து, சீனி எவ்வளவு விரைவில் இறங்குகிறது என்று பார்ப்பார்கள். பிறகு எலியைக் கொன்று ஈரலையும் தசையையும் நிறுத்து ஆராய்வார்கள். இந்த அறிவுக்காக அவை உயிரைக் கொடுத்திருக்கின்றன. ஆகவே அவை சொன்னதைச் சரியாகக் கேட்பது நம் கடமை என்று நான் நினைக்கிறேன்.

முதலில் ஓட்டம் மட்டும் என்ன செய்தது? அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜோன் ஹொலொசி 1967இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையின் அத்திவாரம். எலிகளை 12 கிழமைகள் படிப்படியாகக் கூட்டி, நாளுக்கு 2 மணி நேரம் வரை ஓட வைத்தார். முடிவில் அவை பழகாத எலிகளைவிட ஏறத்தாழ ஆறு மடங்கு நேரம் களைக்காமல் ஓடின. தசையை ஆராய்ந்தபோது, இழைமணிகளில் இருக்கும் எரிபொருள் எரிக்கும் நொதியங்கள் ஏறத்தாழ இரு மடங்காகியிருந்தன. இழைமணி என்பது நம் உயிரணுவுக்குள் உணவைச் சக்தியாக மாற்றும் நுண்ணுறுப்பு. சாதாரண தரப் புத்தகத்தில் பிள்ளைகள் படம் கீறுவது அதைத்தான். உழைக்கிற தசை தனக்கு வேண்டிய எரிப்புச் சக்தியைத் தானே பெருக்கிக்கொள்கிறது என்பது அன்றுதான் தெளிவாகத் தெரிந்தது.

இரண்டாவது விடயம் சீனி வருத்தத்தோடு நேரடியாகத் தொடர்புள்ளது. இரத்தத்தில் உள்ள குளுக்கோஸ் தசைக்குள் போவதற்குப் பொதுவாக இன்சுலின் கதவைத் திறக்க வேண்டும். நீரிழிவில் அந்தக் கதவு இறுகிப்போகிறது. ஆனால் தசை சுருங்கி விரியும்போது, இன்சுலினை எதிர்பாராத இன்னொரு கதவும் திறக்கிறது. எலியின் தசையில் இதைத் திரும்பத் திரும்பக் கண்டார்கள். மனிதரிலும் இதுவே உண்மை. ஒருநாள் நடந்தால், தசை இன்சுலினுக்குக் கூடுதலாகக் கட்டுப்படும் பலன் ஒரு நாள், கூடிப்போனால் இரண்டு நாள் நிற்கும். பிறகு மறைந்துவிடும். அதனால்தான் வாரத்தில் ஒருநாள் மூன்று மணி நேரம் விளையாடுவதைவிட, நாளுக்கு அரை மணி நேரம் நடப்பது மேல் என்கிறோம்.

இனி நான்காவது குழு. சத்தும் ஓட்டமும் சேர்ந்தால் என்ன நடக்கும்? இரண்டு நல்லதைச் சேர்த்தால் இரட்டிப்பு நல்லது என்று மனம் சொல்கிறது. உடம்பு அப்படிக் கூட்டல் கணக்குப் போடுவதில்லை. சில வேளை பலன் கூடும். சில வேளை ஒன்றும் மாறாது. சில வேளை குறைந்தும் போகும். மூன்றுக்கும் உதாரணம் தருகிறேன்.

கூடியதற்கு உதாரணம் நம் ஊர்ப் பொருள்தான், மீன். 1987இல் அவுஸ்திரேலியாவின் சிட்னியில் லென் ஸ்டோர்லியனும் குழுவினரும் எலிகளுக்குக் கொழுப்பு மிகுந்த உணவைக் கொடுத்தார்கள். தசையும் ஈரலும் இன்சுலினுக்குக் கட்டுப்படாமல் போயின. அந்த உணவில் இருந்த தாவர எண்ணெயின் ஒமேகா 6 கொழுப்பில் 6 சதவீதத்தை மட்டும் மீன் எண்ணெயின் ஒமேகா 3 கொழுப்பாக மாற்றினார்கள். அந்தக் கோளாறு வரவேயில்லை. 2007இல் அதே நாட்டின் அடிலெய்ட் நகரில் உடல் பருத்த 75 பேரை நான்கு குழுவாகப் பிரித்து 12 கிழமை ஆராய்ந்தார்கள். ஒரு பகுதியினருக்கு சூரை மீன் எண்ணெய், மற்றப் பகுதியினருக்கு சூரியகாந்தி எண்ணெய். இரண்டிலும் பாதிப்பேர் கிழமைக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் 45 நிமிடம் நடந்தார்கள். மீன் எண்ணெய் இரத்தக் கொழுப்பைத் திருத்தியது. நடை இரத்தக்குழாயின் நெகிழ்வைத் திருத்தியது. உடற்கொழுப்பை இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் குறைத்தன. இரண்டும் தத்தம் வேலையைச் செய்தன. ஒன்றின் இடத்தை மற்றது நிரப்பவில்லை.

ஆனாலும் அவசரப்பட வேண்டாம். மீன் எண்ணெய் உருளைகளை நீரிழிவுள்ள 15,480 பேருக்கு ஏழு வருடத்துக்கு மேல் கொடுத்துப் பார்த்த பிரித்தானிய ஆய்வு 2018இல் வெளியானது. மாரடைப்பு, பாரிசவாதம் போன்ற பெரிய ஆபத்துகள் அதனால் குறையவில்லை. எலியின் தசையில் கண்ட அழகான முடிவு மனிதரின் ஆயுளில் அப்படியே பலிக்கவில்லை. சாளையும் கீரியும் சூடையும் நம் கரையிலேயே இறங்குகின்றன. அந்த மீனைக் குழம்பாக்கித் தின்னும்போது ஒமேகா 3உடன் புரதமும் முள்ளின் கல்சியமும் சேர்ந்து கிடைக்கின்றன. அதை ஐஸ் பெட்டியில் கொழும்புக்கு ஏற்றிவிட்டு, வெளிநாட்டு மீன் எண்ணெய்ப் போத்தலைக் காசு கொடுத்து வாங்குவதற்கு நியாயம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

குறைந்துபோனதற்கு உதாரணம் விற்றமின் சி. 2008இல் ஸ்பெயினின் வலென்சியாவில் மரி கார்மென் கோமெஸ் கப்ரேராவும் குழுவினரும் எலிகளுக்கு ஓட்டப் பயிற்சி கொடுத்தார்கள். பாதிக்கு விற்றமின் சியும் கொடுத்தார்கள். விற்றமின் பெறாத எலிகளின் தாக்குப்பிடிக்கும் சக்தி பெரிதாகக் கூடியது. விற்றமின் பெற்றவற்றில் அந்த முன்னேற்றம் மிகக் குறைவு. அடுத்த வருடம் ஜேர்மனியில் மைக்கல் ரிஸ்டோவின் குழு ஏறத்தாழ 40 இளைஞர்களை நான்கு கிழமை பயிற்சி செய்ய வைத்தது. பாதிப்பேருக்கு நாளுக்கு 1000 மில்லிகிராம் விற்றமின் சியும் அதோடு விற்றமின் ஈயும். குளிசை விழுங்காதவர்களின் உடம்பு இன்சுலினுக்கு நன்றாகக் கட்டுப்பட்டது. விழுங்கியவர்களில் அந்த மாற்றம் தெரியவில்லை.

ஏன்? ஓடும்போது தசைக்குள் ஒட்சிசன் செலவாகி, தாக்கும் தன்மையுள்ள சில துணிக்கைகள் உண்டாகின்றன. அவை கெட்டவை, அவற்றை விற்றமினால் அழிக்க வேண்டும் என்றுதான் பல காலம் எண்ணினோம். ஆனால் இழைமணிகளைப் பெருக்கு என்று தசைக்குக் கட்டளை போவது அந்தத் துணிக்கைகளின் வழியாகவும்தான். அளவுக்கு மிஞ்சிய விற்றமின் அந்தக் கட்டளையையே அமுக்கிவிடுகிறது என்பது இந்த ஆய்வாளர்களின் விளக்கம். இதில் எல்லோருக்கும் உடன்பாடு இல்லை. 2011இல் ஹொலொசியின் சொந்த ஆய்வுகூடத்திலேயே எலிகளுக்கு விற்றமின் சியும் ஈயும் கொடுத்துப் பார்த்தபோது, பயிற்சியின் பலன் குறையவில்லை என்று வந்தது. ஒரு விடயத்தைக் கவனியுங்கள். சண்டை, குளிசை கெடுக்கிறதா இல்லையா என்பதில்தான். அந்த ஆய்விலும் ஓட்டத்தின் பலனைக் குளிசை கூட்டித் தரவில்லை. நெல்லிக்காயிலும் கொய்யாவிலும் தேசிக்காயிலும் வரும் விற்றமின் சி பற்றி இங்கே யாரும் குறை சொல்லவில்லை. பேச்சு, நாள் தேவையைப் பல மடங்கு தாண்டிய குளிசை பற்றியது.

ஒன்றும் மாறாததற்கு உதாரணம் எலியிலிருந்து அல்ல, கடல் கடந்து நம் மொழி பேசும் சென்னையிலிருந்து. அங்கே வைத்தியர் அ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்த ஆய்வு 2006இல் வெளியானது. நீரிழிவின் வாசற்படியில் நின்ற 531 பேர். எலிக்கூட்டில் பார்த்த அதே நான்கு குழு: வழக்கமான ஆலோசனை, நடையும் உணவுத் திருத்தமும், நீரிழிவுக்கான மெற்போமின் குளிசை, இரண்டும் சேர்த்து. நடை என்பது நாளுக்கு அரை மணி நேரம். ஏற்கெனவே வயலிலோ வேலையிலோ உடம்பை வருத்துகிறவர்களிடம் அதையே விடாமல் செய்யுங்கள் என்றார்கள். மூன்று வருடத்தில் முதல் குழுவில் 55 சதவீதமானோர் நீரிழிவாளர் ஆனார்கள். நடந்த குழுவில் 39.3 சதவீதம். குளிசைக் குழுவில் 40.5. இரண்டும் சேர்ந்த குழுவில் 39.5. நன்றாகக் கேளுங்கள்: நடையோடு குளிசையைச் சேர்த்ததால் நடைக்கு மேல் ஒன்றும் கிடைக்கவில்லை. இது நோய் வராமல் தடுக்கும் கட்டத்துக்கான கணக்கு. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்கள் என் பேச்சைக் கேட்டு வைத்தியர் தந்த குளிசையை நிறுத்திவிடக்கூடாது. அதைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

எலிக்கு வருகிறேன். எலி நமக்கு எங்கே வழிகாட்டும், எங்கே வழி தவறவைக்கும்?

எலி தனக்கு வேண்டிய விற்றமின் சியைத் தன் ஈரலிலேயே செய்துகொள்ளும். மனிதருக்கு அந்த வல்லமை இல்லை. உணவில் கிடைத்தால்தான் உண்டு. ஆகவே விற்றமின் சி பற்றிய எலி ஆய்வை மனிதருக்குப் பொருத்துமுன் இரண்டு தடவை யோசிக்க வேண்டும்.

அடுத்தது நோய். மூலிகை ஆய்வுகளில் ஸ்ட்ரெப்டோசோடோசின் என்ற மருந்தை ஊசியால் ஏற்றி, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் உயிரணுக்களை அழித்து எலியை நோயாளியாக்குவது வழக்கம். நம் ஊரில் பெரும்பாலானோருக்கு வரும் சீனி வருத்தம் அப்படி ஒரே நாளில் வந்ததல்ல. இன்சுலினுக்கு உடம்பு கட்டுப்படாமல், வருடக்கணக்கில் மெல்ல மெல்ல வந்தது. இரண்டும் ஒரே நோய் அல்ல.

மூன்றாவது அளவு. எலிக்குக் கிலோவுக்கு 200 மில்லிகிராம் கொடுத்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். அறுபது கிலோ மனிதருக்கு அதை அப்படியே பெருக்கினால் 12 கிராம். அது தவறு. சிறிய உடம்பு வேகமாக எரிக்கும். ஆகவே அமெரிக்க மருந்து நிர்வாகம் 2005இல் சொன்ன வழிமுறையில் எலியின் அளவை 6.2ஆல் பிரிக்கிறார்கள். அப்போது கிலோவுக்கு 32 மில்லிகிராம், ஆளுக்கு ஏறத்தாழ 2 கிராம் வருகிறது. இதுவும் மனிதரில் பரிசோதனையைத் தொடங்குவதற்கான கணக்கே ஒழிய, வாங்கி விழுங்குவதற்கான சிட்டை அல்ல. வாங்கும் போத்தலில் எவ்வளவு இருக்கிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, எலியில் வந்த பலன் மனிதரில் மாறிப்போகலாம். இதற்கு ஒரே பொருளின் இரண்டு கதையைச் சொல்கிறேன். திராட்சைத் தோலில் உள்ள ரெஸ்வெரட்ரோல் என்ற பொருளை 2012இல் கனடாவில் ஓடும் எலிகளுக்குக் கொடுத்தார்கள். அவை இன்னும் நன்றாக ஓடின, இதயமும் வலுத்தது. அடுத்த வருடம் டென்மார்க்கின் கொப்பன்ஹேகனில் 65 வயதளவான 27 ஆண்களுக்கு எட்டுக் கிழமை பயிற்சியும், ஒரு பகுதியினருக்கு நாளுக்கு 250 மில்லிகிராம் அதே பொருளும் கொடுத்தார்கள். போலிக் குளிசை விழுங்கியவர்களின் ஒட்சிசன் உள்வாங்கும் திறன் மற்றவர்களைவிட 45 சதவீதம் அதிகமாக உயர்ந்தது. எலிக்கு உதவியது அந்த மூத்தவர்களுக்குத் தடையானது. விற்பவர் முதல் கதையை மட்டும்தான் சொல்லுவார்.

நம் நாட்டு மூலிகை பற்றியும் கேட்பீர்கள். பொன்கொரண்டியைச் சிங்களத்தில் கொத்தல ஹிம்புட்டு என்பார்கள். அதன் மரத்தில் குடைந்த கோப்பையில் இரவு தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் குடிக்கும் வழக்கம் உண்டு. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் எரிக் கருணாநாயக்கவின் குழு 1984இல் நம் மூலிகைகள் பலவற்றை எலிகளில் சோதித்தபோது, சீனியை இறக்குவதில் முன்னணியில் நின்றவற்றில் இதுவும் ஒன்று. கதை அங்கே முடிந்துவிடவில்லை. 2005இல் இந்த மூலிகை சேர்ந்த தேநீரை 51 நோயாளிகளுக்குக் கொடுத்து, யாருக்கு எது என்று தெரியாத முறையில் ஆராய்ந்தார்கள். நீண்ட காலச் சீனி அளவு சற்றே குறைந்தது. எலியில் தொடங்கி மனிதரில் சரிபார்ப்பதுதான் சரியான பாதை. அப்போதும் வைத்தியருக்குச் சொல்லாமல் குடித்தால், ஏற்கெனவே எடுக்கும் குளிசையோடு சேர்ந்து சீனி அளவுக்கு மிஞ்சி இறங்கி மயக்கம் வரலாம்.

இயற்கைப் பொருள்தானே, கெடுதல் செய்யாது என்று சொல்வார்கள். பின்லாந்தில் புகை பிடிக்கும் 29,133 ஆண்களை வைத்து நடந்த ஆய்வு 1994இல் வெளியானது. பீற்றா கரோட்டின் குளிசை எடுத்தவர்களில் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. கரட் சாறு அல்ல, குளிசை. பச்சைத் தேயிலைச் சாறு சேர்ந்த குளிசைகளில், அதன் முக்கியப் பொருள் நாளுக்கு 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ போனால் ஈரலுக்குப் பாதிப்பு வரும் அறிகுறி உண்டு என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2018இல் சொன்னது. மெலிய வைக்கும் குளிசைகள் சிலவற்றில் சிபுட்ரமின் என்ற, 2010இல் சந்தையிலிருந்து எடுக்கப்பட்ட மருந்தை மறைத்துக் கலந்ததை அமெரிக்க மருந்து நிர்வாகம் பலமுறை பிடித்திருக்கிறது. இதயத்துக்கு ஆபத்தானது என்பதால் விலக்கப்பட்ட மருந்து அது.

இத்தனைக்கும் மேலாக எனக்கு மிக முக்கியமாகப் படும் ஒரு விடயம் இருக்கிறது. முதலாவது குழுவை நினைத்துப் பாருங்கள். ஒன்றும் செய்யாத எலி. அதைச் சாதாரண எலி என்று கொண்டுதான் மற்றவற்றை ஒப்பிடுகிறார்கள். 2010இல் அமெரிக்காவில் மார்க் மற்சனும் கூட்டாளிகளும் இதைக் கேள்விக்கு உட்படுத்தினார்கள். எப்போதும் நிறைந்த உணவுத் தட்டு, ஓட இடமில்லாத கூடு. அந்த எலி கொழுத்து, இன்சுலினுக்குக் கட்டுப்படாமல், ஏற்கெனவே நோயாளியாக இருக்கிறது என்றார்கள். கூட்டுக்குள் ஒரு சக்கரத்தை வைத்தால், யாரும் துரத்தாமலே ஒரே இரவில் பல கிலோமீற்றர் ஓடும் பிராணி அது. ஆகவே ஓட்டம் எலிக்கு நாம் கொடுத்த மருந்து அல்ல. அதற்கு உரியதைத் திருப்பிக் கொடுத்தது மட்டுமே. உண்மையான பரிசோதனை அதை உட்கார வைத்ததுதான். நாமும் அந்த முதலாவது குழுவுக்குள் போய்க்கொண்டிருக்கிறோம். அதனால்தான் நடைப்பயிற்சியை உணவோடு சேர்க்கும் ஒரு கூடுதல் பொருளாக எண்ணாதீர்கள் என்று கேட்கிறேன். அதுதான் அடிப்படை. குளிசைதான் கூடுதல்.

இனி யாராவது எலியில் நிரூபித்தது என்று சொல்லி எதையும் விற்க வந்தால் நான்கு கேள்வி கேளுங்கள். எலிக்கு என்ன நோய், அதை எப்படி உண்டாக்கினார்கள்? எவ்வளவு கொடுத்தார்கள்? ஓட்டம் மட்டும் பெற்ற குழுவைவிட இரண்டும் பெற்ற குழு உண்மையிலேயே மேலாக இருந்ததா? மனிதரில் பார்த்தார்களா, என்ன வந்தது? மூன்றாவது கேள்விதான் உயிர்நாடி. ஒன்றும் பெறாத எலியோடு ஒப்பிட்டால் எந்த டின்னும் வென்றுவிடும். ஓடிய எலியோடு ஒப்பிட்டால் பல டின்கள் தோற்றுப்போகும். உயர்தரப் பிள்ளைகளே, நீங்கள் பல்கலைக்கழகம் போய் ஆய்வுக் கட்டுரை வாசிக்கும் நாளிலும் இதையே முதலில் தேடுங்கள்.

ஊருக்கு மூன்று வேண்டுகோள். முப்பத்தைந்து வயதைத் தாண்டியவர்கள் அரச வைத்தியசாலைக்குப் போய்ச் சீனியையும் பிரஷரையும் ஒருமுறை பாருங்கள். அதற்குக் காசு இல்லை. நாளுக்கு அரை மணி நேரம், பேசலாம் ஆனால் பாட்டுப் படிக்க முடியாது என்ற வேகத்தில் நடவுங்கள். தொடர்ந்து இரண்டு நாள் விடாதீர்கள். நெஞ்சு நோவோ மூச்சு வாங்கலோ உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டுத் தொடங்குங்கள். மூன்றாவது, ஊர்ப் பெரியவர்களிடம். ஆண்கள் எங்கும் நடக்கலாம். வீட்டு வேலையிலேயே நாள் கழியும் நம் உம்மாமாரும் ராத்தாமாரும் நடப்பதற்கு அச்சமில்லாத ஓர் இடமும் அவர்களுக்கென்று ஒரு நேரமும் வேண்டும். மைதானத்தில் அஸருக்குப் பிறகு ஒரு மணி நேரத்தை அவர்களுக்கு ஒதுக்கித் தாருங்கள். அந்த ஒரு மணி நேரம் எந்தப் போத்தலையும்விட அதிகம் பேரைக் காப்பாற்றும். அதை இந்தக் கிழமையே தீர்மானியுங்கள் என்று கேட்கிறேன்.